வெண்கட்டி போட்ட கதவுகள்

ரொறன்ரோவில் நடுச்சாமம் புறப்பட்ட பஸ் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்னை மொன்றியலில் இறக்கிவிட்டது. ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர் தூரம். டிக்கெட் எண்பது டொலருக்குச் சற்று மேல். தை மாதத்தின் முதல் கிழமை அது. பஸ் நிலையத்தின் கண்ணாடிக் கதவருகே காவலர்கள் இருவர் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார்கள். சீருடை போட்டவர்களைக் கண்டால், வேலைக்குப் பிந்திப் போகிறவன் போல விரைந்து நடப்பது என் பழக்கம். என் அகதிக் கோரிக்கை போன வருடமே நிராகரிக்கப்பட்டுவிட்டது. சட்டைப் பையில் இருந்த கடதாசிக்குத் தவணை முடிந்துபோயிருந்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மன்னாரில் பேசாலை என் ஊர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனேன். பிறகு கப்பல், இத்தாலியில் தக்காளித் தோட்டம், பாரிசில் மூன்று வருடம் உணவகங்களில் கோப்பை கழுவல், கடைசியாகக் கனடா. ஓரிடத்தில் இரண்டு குளிர்காலம் தங்கினால் எனக்கு மூச்சு முட்டும். மொன்றியலில் வேலை கிடைக்கும் என்று ஒருவன் சொன்னான். அது போதுமாக இருந்தது.

பஸ் நிலையத்துக்குக் கீழேயே மெட்ரோ. சீட்டு இரண்டு டொலர் எழுபத்தைந்து சதம். செம்மஞ்சள் பாதையில் ஏறி, ஜோன்-தலோனில் நீலத்துக்கு மாறினால் கோட்-டெ-நெய்ஜ் வந்துவிடும். படியேறி வெளியே வந்தபோது மூக்குக்குள் இருந்த மயிர் விறைத்தது. மைனஸ் இருபத்தாறு என்று ஒரு மருந்துக்கடையின் பலகை காட்டியது. தெருவில் ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேல் கோட் போட்ட பெண்களும், புத்தகப் பை தூக்கிய மாணவர்களும், இரவு வேலை முடித்த துப்புரவுக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நடந்தார்கள்.

தாசன் அண்ணையின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. ஒரு காலத்தில் நானும் அவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். இப்போது அவர் ஒரு வெதுப்பகத்துக்கு வான் ஓட்டுகிறார்.

கதவைத் திறந்ததும், "வா, வா. இதுவரைக்கும் எத்தனை நாட்டுக் கோப்பை கழுவி முடிச்சிட்டாய்?" என்றார்.

"மூண்டு."

"இஞ்சயும் கிடக்கு. அடுப்படியில போய்ப் பார்."

அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் வேலை செய்பவர். இரவு வேலை முடித்து வந்து உடுப்பு மாற்றாமல் தொலைபேசியோடு சோபாவில் இருந்தார். அழைப்பு அட்டையின் எண்களை அமத்துவதும், காதில் வைத்துக் கேட்பதும், வைத்துவிடுவதுமாக இருந்தார். அவருடைய தங்கச்சி தெரேசா மூன்று பிள்ளைகளோடு மன்னாரில் அடம்பன் பக்கம் இருந்தவள். அங்கே ஷெல் விழத் தொடங்கிய பிறகு இடம் இடமாக ஓடுகிறாளாம். ஐந்து கிழமையாகச் செய்தி இல்லை.

"ரிங் போகுதே?" என்று தாசன் அண்ணை கேட்டார்.

"சிங்களத்தில ஒரு பொம்பிளை ஏதோ சொல்லுறாள். பேந்து எடுத்துப் பாப்பம்." என் பக்கம் திரும்பி, "தம்பி, உனக்கு பிரெஞ்ச் ஏலுமோ?" என்றார்.

"குசினிப் பிரெஞ்ச்தான் அக்கா."

"அது காணும். நாளைக்கு என்னோட வா."

அன்று மாலை சோற்றைப் போட்டுக்கொண்டே விளக்கம் சொன்னார். அந்தப் பகுதிக் கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் சனிக்கிழமை தோறும் ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு அவருடைய செபக் குழு வேதக் கதை சொல்லிச் சூப்பும் பாணும் கொடுக்கிறது. கொங்கோ, புருண்டிப் பிள்ளைகள் இருபது பேர் வரை வருகிறார்கள். பிள்ளைகளைப் பிடித்தால் தாய் தகப்பன் தானாகக் கோயிலுக்கு வரும் என்பது அக்காவின் கணக்கு. பாதி வீடுகளில் அது பலித்தும் இருந்தது.

"ஒருத்திதான் மசியிறாளில்லை. கொலெத். புருண்டிக்காரி. பெடியன் ஒலிவியே, எட்டு வயசு. பெட்டை அலின், அஞ்சு. ரெண்டும் தங்கம். பிள்ளையள விடுறாள், தான் மட்டும் கோயில் வாசல்படி மிதிக்க மாட்டாள். ஏனெண்டு கேட்டால் சிரிப்பாள்."

"விடுமன் அவளை," என்றார் தாசன் அண்ணை. "உமக்கு ஆக்களைக் கோயிலுக்குள்ள தள்ளாட்டில் சாப்பாடு செமிக்காது."

"உங்களைத் தள்ளினது நான்தான். குறைஞ்சு போனீங்களோ?"

சனி, காலை பதினொரு மணி. மறுநாள், குழந்தை இயேசுவைக் காண வந்த மூவிராசாக்களின் திருநாள். எங்கள் கரையில் அந்தத் திருநாளுக்கு முதல் நாள், சுவாமியார் செபம் சொல்லித் தந்த, பள்ளிக்கூடப் பலகையில் எழுதும் வெண்கட்டியால் வீட்டுக் கதவில் சிலுவை போடுவோம். அடுத்த திருநாள் வரை அதை யாரும் அழிப்பதில்லை. வருடம் முழுவதும் அந்த வீட்டுக்குக் காவல் அது. ஸ்டெல்லா அக்கா இந்த வருடம் அந்தக் காவலை மண்டபத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் கொடுக்க விரும்பினார். நான் பை தூக்கினேன். பைக்குள் வெண்கட்டிப் பெட்டியும் தோடம்பழங்களும் இருந்தன.

அந்தக் குடியிருப்பு நான்கு மாடிச் செங்கல் கட்டடம். லிஃப்ட் பழுது. முதலாம், இரண்டாம் மாடியில் இருந்த கொங்கோக் குடும்பங்கள் எங்களை உள்ளே இழுத்து இருத்தின. அக்கா விஷயத்தைச் சொல்ல, அவர்களும் சேர்ந்து பாடினார்கள். ஒரு தகப்பன் சிலுவையைப் பெரிதாகப் போடச் சொல்லிக் கதிரை கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றாம் மாடி அமைதியாக இருந்தது. அங்கே அக்காவுக்குத் தெரிந்த கதவுகள் இரண்டு. ஒன்று சிப்ரியான் என்ற தனி மனிதருடையது. அவரும் புருண்டிக்காரர்தான், கொலெத்தின் பிள்ளைகளைச் சில நாள் மண்டபத்துக்குக் கூட்டி வருபவர். தட்டினோம், ஆள் இல்லை. பக்கத்துக் கதவு கொலெத்தினுடையது. தட்டினோம். பதில் இல்லை. ஆனால் வாசல் விரிப்பில் மூன்று சோடி குளிர்காலச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. கடைசிச் சோடி என் உள்ளங்கை அளவு.

"உள்ளுக்கு இருக்கினம் போல, அக்கா."

"ஷ்," என்று அக்கா வாயில் விரல் வைத்தார். "அவள் ராவிராவா ஒஃபிஸ் துடைக்கிறவள். நித்திரையாக்கும். எழுப்பாத."

குரலை இறக்கித் தமிழில் செபம் சொன்னார். நானும் இறக்கிய குரலில் ஆமென் சொன்னேன். பிறகு அவர் எட்டி, கதவின் நடுவில், மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் வெண்கட்டியை அழுத்தி இழுத்தார். மரத்தில் அது கீச்சென்று சத்தம் போட்டது. சிப்ரியானின் கதவிலும் போட்டார். விரல் நுனியில் நடந்து படியிறங்கினோம்.

பிற்பகல் இரண்டு மணி. மண்டபத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தொடக்க மணி அடிப்பது ஒலிவியேயின் உரிமை. அவன் வரவில்லை. அவனில்லாமல் யார் அடிப்பது என்று மற்றப் பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். "ஒரு நாளும் பிந்தாதவன். போய்ப் பார், தம்பி," என்று அக்கா என்னையும் தாசன் அண்ணையையும் வானில் அனுப்பினார்.

அண்ணை வானை நிறுத்திவிட்டு இருக்க, நான் மட்டும் மேலே போனேன். சப்பாத்துகள் வைத்தபடியே இருந்தன. சிலுவை இருந்தது. கதவைத் தட்டினேன். கதவின் அடியிலிருந்து குளிர்காற்று என் கணுக்காலைத் தொட்டது. சூடாக்கி ஓடும் வீட்டின் கதவிடுக்கிலிருந்து குளிர் வரக் கூடாது.

பக்கத்துக் கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க மெலிந்த மனிதர் ஈரத் துணியோடு நின்றார். சிப்ரியான். வெளியே போய் அப்போதுதான் வந்திருக்கிறார். அவருடைய கதவில் சிலுவை இருந்த இடம் நனைந்து கறுத்திருந்தது.

பிரெஞ்சில் கேட்டார். "இதை யார் போட்டது, பார்த்தீர்களா?"

யாரோ என்று சொல்லிவிட்டு இறங்கிப் போக வழி இருந்தது. அவர் அந்தத் துணியை முறுக்கிக்கொண்டே நின்றதைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"நாங்கள்தான். மண்டபத்து ஸ்டெல்லா. இது ஆசீர்வாதம். எங்கள் ஊரில்..."

அவர் முழுவதையும் கேட்கவில்லை. கொலெத்தின் கதவைப் பார்த்தார், சப்பாத்துகளைப் பார்த்தார். உள்ளே போய், அவள் தன்னிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுத் திறப்பைக் கொண்டுவந்தார். பூட்டுத் திறந்தது, கதவு திறக்கவில்லை. இருவரும் தோள் கொடுத்துத் தள்ளினோம். உள்ளே சோபாவும் அதன் மேல் சாப்பாட்டு மேசையும் கதவுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தன.

வீட்டில் யாரும் இல்லை. அடுப்பில் அவரைப் பருப்புச் சட்டி, பாதி வெந்து ஆறியிருந்தது. அடுப்படியின் பின்கதவு அகலத் திறந்து கிடக்க, பனி உள்ளே பறந்து தரையில் கோடு போட்டிருந்தது. பின்கதவுக்கு வெளியே இரும்புப் படிக்கட்டு. படியின் பனியில் ஒரு பெரியவரின் தடமும் ஒரு பிள்ளையின் தடமும் இறங்கிப் போயின, இரண்டும் வீட்டுக்குள் போடும் செருப்பின் தடம். ஒரு மாடி இறங்கியதும் மூன்றாவது தடம் ஒன்று தொடங்கியது. தூக்கிக்கொண்டு போனவள் அங்கே கை தளர்ந்து இறக்கி விட்டிருக்கிறாள். அந்தத் தடத்தில் செருப்பின் வெட்டும் இல்லை. சின்ன வட்டமும் அதற்கு முன்னால் ஐந்து புள்ளிகளும். மெல்லிய காலுறையோடு நடந்த கால்.

நான் கடலில் புயலில் அகப்பட்டிருக்கிறேன். மூன்று நாட்டு எல்லைகளை லொறிக்குள் படுத்துக் கடந்திருக்கிறேன். அந்த ஐந்து புள்ளிகளைப் பார்த்தபோது வந்த பயம் அப்போதெல்லாம் வந்ததில்லை. அவர்கள் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். தட்டலைக் கேட்டு அடுப்பை அணைத்திருப்பாள். பிள்ளைகளின் வாயைப் பொத்தியிருப்பாள். தெரியாத மொழியில் இரண்டு பேர் குரலை அடக்கிக் கதைப்பதும், கதவில் எதுவோ கீறுவதும் அவளுக்குக் கேட்டிருக்கும். பேசாலையில் எங்கள் வேலிக்கு வெளியே யாராவது அப்படிக் குரலை அடக்கிக் கதைத்தால் நாங்களும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சை அடக்கினோம்.

சிப்ரியான் படியில் நின்று சொன்னார்: "கொலைகள் நடந்த வருடம், எங்கள் மலையில் முதலில் வந்து பிள்ளைகளின் பெயரைக் கேட்டார்கள். பிறகு சில கதவுகளில் கரியால் குறி போட்டார்கள். கோயிலுக்குப் போங்கள், அங்கே யாரும் தொட மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். கொலெத்தின் தகப்பன் கோயிலுக்குப் போனார். அவள் ஆற்றுக்குப் போனாள், அவள்தான் மிஞ்சினாள்."

அவள் ஏன் கோயில் படி மிதிப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

கீழே வானில் தாசன் அண்ணை, "பொலிசுக்கு அடிப்பமோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பொலிஸ் வந்தால் முதலில் எல்லோருடைய பெயரையும் கேட்கும். "அடியுங்கோ அண்ணை, பிள்ளை விறைச்சுப் போகும்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் என் கால் தெருமுனையை நோக்கித் திரும்பியிருந்தது.

சிப்ரியான் தடுத்தார். "சீருடையைக் கண்டால் அவள் யன்னலால் குதிப்பாள். முதலில் ஒரு இடம் பார்ப்போம். அங்கே இல்லாவிட்டால் கூப்பிடுங்கள்."

அவள் துப்புரவு செய்யும் அலுவலகக் கட்டடம் லொங்குய்யில் இருக்கிறது. அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் சிப்ரியான். அவரும் அங்கேதான் வேறொரு மாடியைத் துடைக்கிறார். தான் பயமில்லாமல் கண் மூடுகிற ஒரே இடம் அங்கேயுள்ள துடைப்ப அறைதான் என்று அவள் ஒருமுறை சொன்னாளாம். அதற்கு யன்னல் இல்லை. கதவில் பெயரும் இல்லை.

போகும் வழியில் மண்டபத்தில் நிறுத்தி ஸ்டெல்லா அக்காவை ஏற்றினோம். நடந்ததைச் சொன்னேன். அக்கா கழுத்துத் துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார். எல்லாத் தெருவிலும் பனி அள்ளும் இயந்திரங்கள் குறுக்கே நின்றன. பாலத்தில் ஏறியபோது கீழே ஆறு பாதி உறைந்து, கட்டி கட்டியாக ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போனது. நாலரை மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. மெட்ரோவில் வந்திருப்பார்கள், மஞ்சள் பாதை ஆற்றுக்கு அடியால் வருகிறது, நிலையத்திலிருந்து கட்டடத்துக்கு எண்ணூறு மீற்றர் நடை என்று சிப்ரியான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த எண்ணூறு மீற்றரை எங்கள் நான்கு பேருடைய மனமும் காலுறையோடு நடந்தது.

சனிக்கிழமை என்பதால் கட்டடம் இருட்டாக இருந்தது. சிப்ரியானின் அட்டைக்கு வாசல் திறந்தது. எச்சரிக்கை மணி அடிக்கப் போகிறது என்று நான் ஒவ்வொரு அடியும் காத்திருந்தேன். அடிக்கவில்லை. நான்காம் மாடி நடையின் கடைசியில் சாம்பல் நிறக் கதவு. சிப்ரியான் எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கதவில் தட்டாமல், தரையில் குந்தியிருந்து கிருண்டி மொழியில் பேசினார்.

சத்தமே இல்லை. மீண்டும் பேசினார். நீண்ட நேரம். தாசன் அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு உள்ளே ஒரு பிள்ளை இருமியது.

கதவு ஒரு சாண் திறந்தது. கொலெத் உயரமான பெண். முப்பது வயது இருக்கலாம். கையில் தும்புத்தடியின் உடைந்த பிடி. சிப்ரியானைப் பார்த்தாள், பிறகு அவருக்குப் பின்னால் அக்காவைப் பார்த்தாள். அக்கா செபமாலையை வெளியே எடுத்து, "கொலெத், மூன்று இராசாக்கள்..." என்று பிரெஞ்சில் தொடங்கினார்.

"இப்போது வேண்டாம்," என்றார் சிப்ரியான்.

நடந்ததை அவர் கதவுக்கு வெளியே இருந்தே சொல்லியிருக்க வேண்டும். கொலெத் கேட்டது ஒன்றுதான். "அந்த நடையில் பதினான்கு கதவு இருக்கிறது. ஏன் எங்கள் இரண்டு கதவு மட்டும்?"

அக்கா உண்மையைச் சொன்னார். "உங்களுடைய பிள்ளைகள்தானே எங்களிடம் வருகிறார்கள். அதனால்தான்."

"ஓ," என்றாள் கொலெத். "தெரிந்தவர்கள்தான் போடுவார்கள். அப்போதும் அப்படித்தான்."

  நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா செபமாலையைப் பைக்குள் போட்டார். வாளிகளுக்கு நடுவே, துணிக் குவியலில் அலின் கிடந்தாள். கால்களைக் குப்பைப் பைகளால் சுற்றியிருந்தார்கள். ஒலிவியே அவற்றைத் தன் கோட்டால் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தான். "நான் தேய்க்கவில்லை. தேய்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்," என்றான் அக்காவிடம், மண்டபத்தில் கேள்விக்குப் பதில் சொல்லும் அதே குரலில்.

அக்கா முழந்தாளில் இறங்கினார். பைகளை அவிழ்த்தார். விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன.  அக்கா தன் கோட்டையும் கம்பளிச் சட்டையையும் திறந்து, உள்சட்டையைத் தூக்கி, அந்தக் கால்களைத் தன் வெறும் வயிற்றில் வைத்து அணைத்துக்கொண்டார்.  நெடுநேரம் கழித்து அலின் அழத் தொடங்கினாள்.

"நோகுதோ?" என்று தமிழில் கேட்டார். "நோகட்டும், நோகட்டும். நொந்தால் நல்லம்." எங்களிடம், "விரல் போகாது. உணர்ச்சி வருது," என்றார். 

கொலெத் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த தடியைக் கீழே வைக்கவில்லை. தன் வீட்டுக்குத் திரும்ப முடியாது என்று சொன்னாள். துடைத்தாலும் முடியாது. வேறு எங்கே போவது என்று சிப்ரியான் கேட்டார். அக்கா, "என்னுடைய வீட்டுக்கு," என்றார். கொலெத் பிள்ளையின் காலைப் பார்த்தாள்.  பிள்ளையைத் தூக்கினாள்.

மாலை ஏழு மணி இருக்கும். தாசன் அண்ணையின் வீட்டு மூன்றாம் மாடி வாசலுக்கு வந்தோம். அண்ணை திறப்பைப் போட்டு விளக்கை ஏற்றினார். கொலெத் அப்படியே நின்றுவிட்டாள். அன்று விடிய, எனக்கும் முன்பாக எழும்பி, அக்கா தன் சொந்தக் கதவிலும் போட்டிருக்கிறார். காலையில் திரும்பிப் பாராமல் படியிறங்கிய நான் கவனிக்கவில்லை. ஒரு முழ நீளம், தடித்த வெள்ளைச் சிலுவை.

கொலெத் பின்னால் ஒரு படி இறங்கினாள். ஒலிவியே தாயின் கோட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்னுடைய வீடு. எனக்கு நானே போட்டது," என்று அக்கா பிரெஞ்சில் சொன்னார். கொலெத்துக்கு விளங்கியது. அவள் தலையை ஆட்டினாள். ஆனால் கால் வரவில்லை. படிக்கட்டில் குளிர், பிள்ளை முனகியது.

அக்கா கழுத்துத் துண்டை அவிழ்த்தார்.

தாசன் அண்ணை மெல்லச் சொன்னார்: "ஸ்டெல்லா. அது தெரேசாவுக்கெண்டு போட்டதல்லோ. அதுகளுக்குக் கதவில்லை, என்ர கதவில போடுறன் எண்டு விடியப் புறம் அழுதனீர்."

"ஓம்," என்றார் அக்கா.

"சுவாமி மந்திரிச்ச வெண்கட்டி. அழிச்சுப்போட்டு, நாளைக்கு அங்க ஏதும்..."

"கதையாதேங்கோ அண்ணை," என்றேன் நான்.

அக்கா துடைத்தார். ஒரு தரத்தில் போகவில்லை. மரத்தின் கோடுகளுக்குள் வெள்ளை தங்கி நின்றது. சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைக் கிள்ளி எடுத்துப் பூசி மறுபடி துடைத்தார். தண்ணீர் வெள்ளையாக வழிந்தது. கை ஓயாமல் துடைத்துக்கொண்டே, உதடு மட்டும் அசைய, ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். செபம் என்று முதலில் நினைத்தேன். தங்கச்சியின் பெயரும் மூன்று பிள்ளைகளின் பெயரும் அவை.

"அங்கே. இன்னும் இருக்கிறது," என்று ஒலிவியே விரலால் காட்டினான். குறுக்குக் கோட்டின் ஒரு முனை. அக்கா அதையும் துடைத்தார். பிறகு விலகி நின்று, "வாங்கோ," என்றார்.

கொலெத் உள்ளே வந்தாள்.

ஞாயிறு. அக்கா பூசைக்குப் போகவில்லை. வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு நானும் அவரும் அந்தக் குடியிருப்புக்குப் போய் ஒவ்வொரு கதவாகக் கேட்டோம். கொங்கோக் குடும்பங்கள் தங்கள் சிலுவையைத் துடைக்க விடவில்லை. கதிரை தந்த தகப்பன், தந்த ஆசீர்வாதத்தைத் திருப்பி எடுக்கிறீர்களா என்று கோபித்துக்கொண்டார். கொலெத்தின் கதவை அக்கா கழுவினார், பிறகு அந்த நடையின் பதினான்கு கதவையும் கழுவினார். ஒரு கதவு மட்டும் சுத்தமாக இருந்தாலும் அதுவும் ஒரு குறிதான் என்றார்.

செவ்வாய். அலினின் விரல்களில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். கொலெத் எங்களோடு அதிகம் பேசமாட்டாள். அடுப்படியில் தானாகப் பாத்திரம் கழுவினாள். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே வேலையும் போய்விட்டது என்று தாசன் அண்ணை பகிடி விட்டார். பிள்ளைகளை இனி மண்டபத்துக்கு விடுவாளா என்று அக்கா ஒரு தரம் கேட்டார். கொலெத் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு, "நீங்கள் நல்லவர். பிள்ளைகளை விடமாட்டேன்," என்றாள். இரண்டும் ஒரே குரலில் வந்தன. லவாலில் வேறொரு வீடு பார்ப்பதற்கு சிப்ரியான் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அங்கும் இப்போது மெட்ரோ போகிறதாம்.

ஒவ்வொரு மாலையும் அக்கா அழைப்பு அட்டையின் எண்களை அமத்தினார். அதே சிங்களப் பெண்ணின் குரல். வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வெறும் கதவைப் பார்ப்பார். பெட்டியில் வெண்கட்டி மிச்சம் இருந்தது. கொலெத் உள்ளே படுத்திருக்கும் வரை அவர் அதைத் தொடவில்லை.

புதன்கிழமை நான் புறப்பட்டேன். மேற்குக் கரையில் மீன் தகர ஆலைகளில் கடதாசி கேட்காமல் எடுக்கிறார்கள் என்று கேள்வி. பஸ்ஸில் மூன்று இரவு. மொன்றியலில் வேலை எதுவும் தேடவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. ஊரின் நடுவில் உள்ள மலையின் மேல் ஒரு பெரிய சிலுவை இரவில் வெளிச்சத்தோடு நிற்குமாம். நான் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

"போட்டு வா தம்பி," என்று அக்கா வாசலில் நின்று சொன்னார். "தெரேசான்ர செய்தி கிடைச்சால் அறிவிக்கிறன்."

"கிடைக்கும் அக்கா."

"கிடைக்கும், கிடைக்கும்," என்றார், என்னைப் பாராமல்.

இதை எழுதும் இந்த நாள் வரை அறிவிக்கவில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

வன்கூவரில் எனக்குக் கிடைத்த அறை ஒரு பழைய விடுதியின் இரண்டாம் மாடியில். கிழமைக்குத் தொண்ணூறு டொலர். திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நடையில் இருந்த கதவுகளில் என்னுடையதில் மட்டும், கைபிடிக்கு மேலே, காசு அளவில் பச்சை நிற ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டியிருந்தது. தீயணைப்புக்காரர் பார்த்துவிட்டுப் போனதற்கு அடையாளம், வேறொன்றுமில்லை என்றான் விடுதிக்காரன். நான் தலையாட்டினேன். அவன் படியிறங்கும் சத்தம் அடங்கியதும், பையைக் கூடக் கீழே வைக்காமல், நகத்தால் அதைச் சுரண்டத் தொடங்கினேன். பசை போக வெகு நேரம் எடுத்தது.